மடை அடைத்த மதினிக்கு

என் பிரியத்துக்குரிய மதினி,

நீங்கள் இருக்கிற இடத்தில் தண்ணீர் கஷ்டமில்லாமல் கிடைக்கிறதா? முதலில் இதைத்தான் கேட்கத் தோன்றுகிறது. மதுரையிலிருந்து நான் ஊருக்கு வரும்போதெல்லாம் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் தண்ணீரைப் பற்றித்தானே இருக்கும். "பஸ்ஸு ஆண்டிபட்டி வழியாத்தான வந்துச்சு? எங்கூர்ப் பக்கம் மழ தண்ணி உண்டா கொழுந்தனாரே?" என் உடம்பு, வேலை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன வாரம் உங்கள் தலைத் திவசத்துக்கு வந்தபோதும் அந்த வழியாகத்தான் வந்தேன். ஆண்டிபட்டிக் காடுகளில் சோளத்தட்டை அறுத்துப் படப்பு போட்டிருந்தார்கள். இந்த வருஷம் உங்கள் ஊருக்குக் குறையில்லை. கரியைப் போட்டு ஓட்டிய பஸ்கள் போய்விட்டன. இப்போது ஏற்றத்தில் உங்களைப் போல யாரும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. உலகச் சண்டைக் காலத்தில் பெயர்த்துக்கொண்டு போன ரயில் தண்டவாளத்தைத் திரும்பப் போடப் போவதாகத் தேனியில் பேசிக்கொள்கிறார்கள். நான் விசாரித்தவரை அது வெறும் பேச்சுதான்.

நம் காமயகவுண்டன்பட்டியில் வாய்க்கால் ஓடுகிறது. இரண்டாம் போகம் கதிர் வாங்கிவிட்டது. உங்கள் வயலும் நன்றாக இருக்கிறது. அண்ணன்தான் நன்றாக இல்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் வயலுக்குப் போகிறார், வெயில் ஏறினால் திரும்புகிறார், சோற்றை வைத்தால் சாப்பிடுகிறார். பேச்சுதான் நின்றுவிட்டது. உங்களை எடுத்துப் போட்ட அன்றிலிருந்து உங்களைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மற்ற விஷயங்களுக்கும் தலையை ஆட்டுவதோடு சரி. நான் வந்து இறங்கியபோதும் தோளைத் தொட்டார், அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் ஒரு மனிதர் இவ்வளவு தூரம் உள்ளே போய்விட முடியுமா என்று எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு வருஷம் இப்படியே போனால் அவரைத் திரும்ப வெளியே கூப்பிட யாராலும் முடியாது என்று தோன்றியது.

திவசத்தன்று மத்தியானம் நம் வாசலில் நடந்ததை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் வேலை பார்க்கிற பத்திரிகையிலேயே, ஊரார் முன்னால் எழுதுகிறேன். நடந்ததில் உங்கள் வித்தை ஒன்று இருக்கிறது, அது படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் ஆரம்பத்திலிருந்து வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது நான் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். முகம் கழுவிய தண்ணீரைக் கத்தரிச் செடிக்கு ஊற்றுகிற ஊரிலிருந்து, வாய்க்கால் தண்ணீர் வாசலை உரசிக்கொண்டு ஓடுகிற ஊருக்கு வந்திருந்தீர்கள். வந்த புதிதில் அந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். வயல் வேலையைப் பற்றி யாரிடமாவது கேட்பீர்கள். எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதுபோலச் சின்னச் சின்னக் கேள்விகள். யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றல்ல. பிறந்ததிலிருந்து செய்கிற வேலையை எப்படிச் சொல்வது என்று அவர்களுக்கே தெரியவில்லை. "இதெல்லாம் என்னத்தச் சொல்ல, கூட வந்து செஞ்சாத் தெரியும்" என்பார்கள். கூட வந்தால், புதுப்பெண் சேற்றில் இறங்க வேண்டாம், வரப்பில் இரு என்பார்கள்.

பிறகு அந்த நாள் வந்தது. நாற்று நட்டு நாலைந்து நாள் இருக்கும். நீங்கள் கஞ்சிக் கலயத்தோடு வயலுக்குப் போனீர்கள். மேல்பக்கத்திலிருந்து நம் வயலுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கீழ்வரப்பில் வெட்டியிருந்த மடை வழியாக அது கலகலவென்று வெளியேறிக்கொண்டும் இருந்தது. நட்ட பயிர் மூழ்காமல் இருக்கவும், அடுத்த வயலுக்குத் தண்ணீர் போகவும் வெட்டி வைத்த வழி அது. உங்கள் கண்ணுக்கு அது ஓட்டைப் பானை. கலயத்தை வைத்துவிட்டு இறங்கி, மண்ணும் புல்லும் வைத்து அடைத்து, கையால் தட்டித் தட்டிச் சமன் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தீர்கள். முகமெல்லாம் சேறு. எங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள்: "எம்புட்டுத் தண்ணி வீணா ஓடுது அத்தே. நான் அடைச்சிட்டு வந்துட்டேன்."

அம்மாவுக்குக் காது மந்தம். தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் கீழ்வயல் முத்தையா வந்து வாசலில் நின்று கத்திய பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது.

"யாத்தே, என் வயலு வெடிச்சுக் கெடக்கு, உங்க வயலு கம்மாயாக் கெடக்கு. இப்பிடி ஒரு வேலைய எவன் செஞ்சது?"

நீங்கள் வெளியே வந்து, நான்தான் செய்தேன் என்றீர்கள். பிறகு முத்தையா பேசிய பேச்சு ஊர் முழுக்கக் கேட்டது. நம் பயிரில் முக்கால்வாசி மூழ்கிப் போயிருந்தது. வயல் வயலாகப் போய் மிச்ச நாற்று கேட்டு வாங்கித் திரும்ப நட்டோம். ஊரில் உங்களுக்கு "மடை அடைச்சவ" என்று பெயர் விழுந்தது. வழியில் போகிறவர்கள் எல்லாம் நின்று தண்ணீரைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நீங்கள் அழுதுகொண்டு இருப்பீர்கள் என்று நினைத்துத் தேடி வந்தேன். மாட்டுக் கொட்டத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்.

"இத்தன மாசமாக் கேட்டுக்கிட்டு இருந்தேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல. இன்னைக்கு ஒரே நாள்ல எத்தன பேரு எம்புட்டு விசயம் சொல்லிட்டாக, பாத்தீகளா கொழுந்தனாரே?"

உங்கள் பள்ளிக்கூடம் அன்று தொடங்கியது. இனிமேல் யாரிடமும் எதையும் கேட்பதில்லை, அவர்கள் கண் முன்னால் கொஞ்சம் தப்பாகச் செய்வது என்று முடிவு கட்டினீர்கள்.

அது எப்படிப் பலித்தது என்பதற்கு நானே சாட்சி. பக்கத்துக் கிறிஸ்தவ ஊரிலிருந்து நடவுக்கு ஆள் கூட்டிவருகிற சவரியம்மா இருக்கிறாரே, சேற்றில் கால் வைக்கும் முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாரே, அவரிடம் நாற்றை எவ்வளவு ஆழம் வைக்க வேண்டும் என்று முன்பு கேட்டபோது சிரித்தார். அடுத்த நடவில் நீங்கள் அவர் பக்கத்திலேயே நின்று, நாற்றைக் கணுக்கை முங்கும் அளவுக்கு அழுத்தி வைத்தீர்கள். அவரால் நாலு நாற்றுக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அடியே ஆண்டிபட்டிக்காரி, நீ பயிரு நடுறயா, பொணம் பொதைக்கிறயா?"

உங்கள் கையிலிருந்து நாற்றைப் பிடுங்கி, விரல் நுனியால் வைத்துக் காட்டி, ஏன் அப்படி வைக்க வேண்டும் என்பதையும் சொல்லி, அந்த வரிசை முடியும்வரை உங்களை விடவேயில்லை. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு "சரிக்கா, சரிக்கா" என்றீர்கள். வரப்பில் நின்ற எனக்கு மட்டும் உங்கள் முகம் தெரிந்தது.

கம்பம் சந்தைக்குப் போகிற அன்றெல்லாம் பஸ் நிற்கிற இடத்தில் இன்னொரு பாடம். குமுளி என்று போர்டு போட்ட பஸ்ஸின் முன்னால் போய் நின்று, போர்டைப் பார்த்துக்கொண்டே, "போடி பஸ்ஸுதான இது?" என்று சத்தமாகக் கேட்பீர்கள். கண்டக்டர் இறங்கி வந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் காட்டுவார். "ஆத்தா, இங்கன பாரு. இது கு. இது மு." அடுத்த வாரம் வேறு பஸ், வேறு கண்டக்டர். சின்னமனூர், உத்தமபாளையம், தேனி, பெரியகுளம் என்று ஒரு வருஷத்தில் எழுத்தெல்லாம் உங்களுக்கு வசமாகிவிட்டது. மலையிலிருந்து மிளகு கொண்டுவருகிற மலையாளத்துக்காரரிடம் அவர் பாஷையைக் கொலை செய்து, அவர் சிரித்துத் திருத்தத் திருத்த அதையும் பிடித்துக்கொண்டீர்கள்.

என்னிடமும் அதைத்தான் செய்தீர்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. சண்டை நடந்தபோது ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தேன். "ஜப்பான்காரன் மதுரைக்கே வந்துட்டானாம்ல, மீனாச்சி கோயில்ல சமைச்சுத் திங்கிறானாம்ல?" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னீர்கள். நான் பதறிப்போய் பர்மா எங்கே இருக்கிறது, சண்டை எதுவரை வந்திருக்கிறது, நம் ஊருக்கு எது வரும், எது வராது என்று தரையில் கோடு கிழித்து ஒரு மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போனீர்கள். மறுநாள் கிணற்றடியில் அதே கோட்டை அதே மாதிரி கிழித்து மற்ற பெண்களுக்கு நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

பத்திரிகைத் தொழிலில் நான் இருபது வருஷத்துக்கு மேல் பிழைத்ததும் உங்களிடம் திருடிய இந்த ஒன்றால்தான். ஊரில் அரிசிக்கு அடிபிடியாக இருந்த காலம். கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் எந்த அதிகாரியும் பதில் சொல்லவில்லை. ஒரு அதிகாரியிடம் போய், "கிடங்கே காலியாமே, எலிதான் ஓடுகிறதாமே" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த முட்டாள் சொன்னான்? மூட்டை கூரையைத் தொடுகிறது. ஏற்றிக்கொண்டு போக லாரிதானே இல்லை" என்றார். எனக்கு வேண்டிய செய்தி அதுதான். வெளியே வந்து உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இந்த வித்தை பலிக்காத ஒரே ஆள் இருந்தார், எங்கள் பெரியப்பா. அதையும் சொல்ல வேண்டும்.

அண்ணன் ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறி, மலேரியாக் காய்ச்சலோடு இறங்கி வந்த வருஷம் அது. கொய்னா மருந்தைக் குடித்துக் குடித்துக் காது இரைந்து, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். சேற்றில் இறங்கினால் ஆள் தேற மாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பெரியப்பா வந்து உட்கார்ந்து, வயலைக் குத்தகைக்கு விட்டுவிடலாம், தானே ஆள் பார்க்கிறேன் என்றார். வருகிற குத்தகை நெல் சாப்பாட்டுக்குப் பத்தாது. உடம்பு கொஞ்சம் தேறியதும் அண்ணன் மறுபடி மலையேற வேண்டியிருக்கும். மறுபடி ஏறினால் இந்தத் தடவை மாதிரி நடந்து இறங்கி வர மாட்டார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்லவில்லை.

நீங்கள்தான் சொன்னீர்கள், ஒரு போகம் எனக்குக் குடுங்க பெரிய மாமா என்று. "மடை அடைச்சவ கையிலயா?" என்று அவர் கேட்டார். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு அதையே திரும்பச் சொன்னீர்கள். ஒரு போகம், அதற்கு மேல் கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அந்தப் போகம் நீங்கள் பட்ட பாடு! உழவில் தப்பு செய்து உழவனிடம் திட்டு வாங்கினீர்கள். எருவைத் தப்பான நேரத்தில் எடுத்துக்கொண்டு போய் முத்தையாவிடம் வாங்கினீர்கள். களையென்று நினைத்ததாகச் சொல்லிப் பயிரைப் பிடுங்கப் போய் சவரியம்மாவிடம் வாங்கினீர்கள். பயிர் வளர வளர உங்களைத் திட்டியவர்கள் எல்லோருக்கும் அந்த வயல்மேல் ஒரு உரிமை வந்துவிட்டது. அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்க்காமல் யாரும் போகமாட்டார்கள்.

கதிர் முற்றி வளைந்த சமயத்தில் முத்தையா மகள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கக் குடும்பத்தோடு கூடலூர் போயிருந்தார். நடவு ஆட்கள் வேறு ஊரில். வயலில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. வடிக்க வேண்டுமா, இன்னும் நிற்க வேண்டுமா என்று உங்களுக்குத் தெரியவில்லை. தண்ணீரை விட்டுவிட்டால் திரும்ப வராது என்ற ஆண்டிபட்டிப் பயம் உங்களை விட்டு முழுசாகப் போகவேயில்லை. வழக்கம்போல வரப்பில் நின்றீர்கள், யாராவது திட்டுவார்கள் என்று. பெரியப்பா காலையிலும் சாயங்காலமும் அந்த வழியாகத்தான் போனார். நின்று பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார், கதிரைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவரே சும்மா போகிறார் என்றால் நாம் செய்வது சரிதான் என்று நீங்கள் நினைத்துவிட்டீர்கள்.

முத்தையா திரும்பி வந்து வரப்பில் கால் வைத்தவர் அங்கிருந்தே கத்தினார்.

"ஏ ஆத்தா, கதிரு பாரம் தாங்காமச் சேத்துல சாயப் போகுது. தண்ணிய வடி, தண்ணிய வடி. உன் மூளையையும் சேத்து வச்சா மடைய அடைச்ச?"

ஒரு மூலை ஏற்கெனவே சாய்ந்திருந்தது. நீங்கள் ஓடிப்போய், அன்று அடைத்தீர்களே, அதே கீழ்வரப்பு மடையை இரண்டு கையாலும் தோண்டித் திறந்துவிட்டீர்கள். மூலை போனது போனதுதான். மிச்சம் நின்றது. களத்துக்கு வந்த நெல்லைப் பார்த்த பிறகு பெரியப்பா குத்தகைப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணன் மலையேறவில்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் ஏறவில்லை.

நெல் தூற்றும்போது நீங்கள் பெரியப்பாவிடம் கேட்டதை நானும் கேட்டேன். "பாத்துக்கிட்டேதான போனீக. ஏன் மாமா சொல்லல?" அவர் அசரவில்லை. "நீ கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்ல" என்றார். உங்களுக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. பிறகு என்னிடம் வந்து சொன்னீர்கள்: "திட்டுறவுக எல்லாம் நம்ம ஆளுக கொழுந்தனாரே. தப்பப் பாத்துக்கிட்டும் சும்மா நிக்கிறாக பாருங்க, அவுககிட்டதான் சூதானமா இருக்கணும்."

இதைக் கடைசிவரை நீங்கள் விடவில்லை. நானும் இதை வேதவாக்காக வைத்துக்கொண்டிருந்தேன், போன வாரம்வரை.

இப்போது திவசத்துக்கு வருகிறேன். படையல் முடிந்து, வாசல் பந்தலில் இலை போட்டிருந்தார்கள். முத்தையா வந்திருந்தார். கோல் ஊன்றித்தான் நடக்கிறார், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. சவரியம்மாவும் வந்திருந்தார். நான் அவர்களிடம் மதினியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அண்ணன் காதில் விழட்டும் என்றுதான். சவரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல மனுசி, மகராசியாப் போய்ச் சேந்துட்டா என்றார். முத்தையா ஆமாம் என்றார். அதோடு முடிந்தது. அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது பாருங்கள். இலையில் ரசம் விழுந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது.

"மதினி வந்த முத நாள்ல இருந்தே நடவுல கெட்டிக்காரின்னு சொல்லுவாக" என்றேன், பொதுவாக.

சவரியம்மா நிமிர்ந்தார். "யாரு? அவளா? பொணம் பொதைச்சாப்புல நட்டாளே சாமி, எங்கிட்ட எம்புட்டு வாங்கிக் கட்டிக்கிட்டா" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. முத்தையா இடையில் புகுந்தார். எருக் கதை வந்தது. குமுளி பஸ் கதை வந்தது. பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். மதினி, ஒரு வருஷத்துக்குப் பிறகு நீங்கள் அந்த வாசலில் நடமாடினீர்கள். அண்ணன் மட்டும் தலை நிமிரவில்லை. சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான்.

எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

"என்ன இருந்தாலும் மதினி அன்னைக்கு மடைய அடைச்சது முத்தையாண்ணன் வயலுக்குத் தண்ணி போகக்கூடாதுன்னுதான்."

முத்தையா என்னைப் பார்த்தார். பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார்.

"இல்ல" என்றார் அண்ணன்.

யார் பேசியது என்று சிலருக்குப் புரியவேயில்லை. அந்தக் குரலைக் கேட்டு அத்தனை நாளாகிவிட்டிருந்தது.

"அவளுக்கு முத்தையா வயலு எதுன்னே அன்னைக்குத் தெரியாது. தண்ணி போகுதேன்னு எறங்கினா. நான் அங்கனதான் இருந்தேன். பூவரச மரத்தடியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அண்ணன் இலையைப் பார்த்தபடியே பேசினார்.

"மண்ண அள்ளி அள்ளி வச்சா. அடைச்சு முடிச்சு, எந்திரிச்சு நின்னு அந்தத் தண்ணியப் பாத்துச் சிரிச்சா. நம்ம வீட்டுக்கு வந்து அன்னைக்குத்தான் அவ சிரிச்சுப் பாத்தேன். போயி அது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சாயங்காலம் அவளுக்குத் தெரியாமப் போயி எடுத்துவிட்டுரலாம்னு இருந்தேன். வீட்டுக்கு வந்தா, அவ ஊர்ல தண்ணிய மிச்சம் புடிக்கிற கதையவே எங்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தா. கேட்டுக்கிட்டே படுத்தவன் தூங்கிட்டேன்."

முத்தையா கோலைத் தரையில் தட்டினார். "அடப்பாவி மனுசா. மறுநாள் நான் தொண்ட கிழியக் கத்துறேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணேன்னு நின்னியே."

"பின்ன, உன் கத்தலுக்கு முன்னால தெரியும்னா சொல்லச் சொல்ற?" என்றார் அண்ணன்.

சவரியம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது நீங்கள் வயலில் வாங்கிய திட்டையெல்லாம் அவர் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டியவர் குரலிலேயே நடித்துக் காட்டுவீர்களாமே. எங்களுக்கு அது தெரியாது. வெயில் பந்தலின் மேற்குக் காலுக்குப் போகும்வரை பேசினார். மோரும் சோறும் இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் கிளம்பும்போது பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் வந்து, நான் படியில் கால் வைத்தபோது கேட்டார்.

"வேணும்னேதான அப்பிடிச் சொன்ன?"

"ஆமாண்ணே."

"அவ புத்தி" என்றார். பிறகு, "அடுத்த மாசமும் வா" என்றார்.

மதினி, தப்பைப் பார்த்தும் சும்மா நிற்பவர்களைப் பற்றி நீங்கள் வைத்திருந்த தீர்ப்பில் ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறார். பூவரச மரத்தடியில் நின்று வாய் திறக்காமல் இருந்தவர். ஒரு போகத்துப் பயிர் போனாலும் உங்கள் சிரிப்பு போகக்கூடாது என்று நின்றவர். இது உங்களுக்குத் தெரியுமா? தனியாக இருக்கும்போது ஒரு நாளாவது சொன்னாரா? இல்லை, தூங்குகிற மனுசன் முகத்தைப் பார்த்து நீங்களே கண்டுபிடித்துவிட்டு, தெரியாதது மாதிரி இருந்தீர்களா? அண்ணனிடம் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டால் சொல்ல மாட்டார் என்பதும் ஒரு காரணம்.

பத்திரிகையில் எழுதுகிறவன் தெரிந்து ஒரு தப்பை எழுதக்கூடாது. இந்தக் கடிதத்திலும் நான் அப்படி எதுவும் எழுதவில்லை. ஆனால் உங்கள் வாசலில் வாயால் சொல்வதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே மதினி, இது என் வாக்கு. மாதம் தவறாமல் ஊருக்குப் போவேன். ஒவ்வொரு தடவையும் உங்களைப் பற்றி ஒரு தப்பைச் சொல்வேன். உங்களுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்காது என்பேன். நீங்கள் பஸ் தள்ளியதே இல்லை என்பேன். மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது என்பேன். அண்ணன் இல்லை என்று சொல்லி நிமிர்ந்து உட்காரட்டும். அவர் திருத்தி முடிக்கிறவரை நீங்களும் எங்களோடு இருப்பீர்கள்.

உங்களிடம் திருத்தம் வாங்கக் கொடுத்துவைக்காமல் போன,
உங்கள் கொழுந்தன்